அடியூர் என்றொரு ஊர் இல்லை

அத்தியாயம் 9

எங்கள் அலுவலகத்துக்கு வரும் வழக்குகளில் பாதி, காணாமல் போன கணவர்களைப் பற்றியவை. திருவண்ணாமலையில் அவர்களைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. கிரிவலப் பாதையை ஒரு சுற்று சுற்றிவந்தால் ஆள் காவி கட்டி, தாடி வளர்த்து, ஏதாவது ஒரு அன்னதான வரிசையில் தட்டோடு நிற்பான். நான் இதுவரை மூன்று பேரைப் பிடித்திருக்கிறேன். அதில் ஒருவன் நான் யாரென்று தெரியாமல் எனக்கு விபூதி பூசி, சீக்கிரமே கல்யாணம் நடக்கும் என்று ஆசீர்வதித்தான்.

அருணாதேவி டீச்சரின் வழக்கு தலைகீழ். அவருடைய அப்பா எங்கேயும் தொலைந்துவிடவில்லை. பேருந்து நிலையத்திலிருந்து தேரடி வரைக்கும் சினிமா போஸ்டரில் தூரிகையும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். தொலைந்து போயிருந்தது அவருடைய கல்யாணம்.

ஓவியர் அண்ணாமலை வாழ்நாள் முழுக்க மலையை மட்டுமே வரைந்தவர். 'மழைக்குப் பின்' என்ற அவருடைய ஓவியம் வங்கியிலும் ஓட்டலிலும் பல் ஆஸ்பத்திரியிலும் அச்சுப் படமாகத் தொங்குகிறது. பதினோரு வருடங்களுக்கு முன் சென்னையில் இறந்துபோனார். இப்போது கோபி என்கிற இளம் இயக்குநர் அவருடைய வாழ்க்கையை 'மலையோடு ஒருவன்' என்று படமாக எடுக்கிறார். மனைவி கிடையாது, மக்கள் கிடையாது, செங்கம் ரோட்டில் ஒரு வாடகை அறை, ஜன்னலில் மலை. அதுதான் கதை.

போளூரில் கணக்கு டீச்சராக இருக்கும் அருணாதேவிக்கு நாற்பத்தொரு வயது. தன் அம்மா வெள்ளையம்மாள்தான் அண்ணாமலையின் மனைவி, அடி அண்ணாமலையில் எட்டு வருடம் அவரோடு குடும்பம் நடத்தியவர் என்பது அவருடைய வாதம். படத்தில் ஒரே ஒரு காட்சியிலாவது அம்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டார். இன்று மாலை ஐந்து மணிக்குள் ஆதாரம் கொண்டு வாருங்கள், அதற்குப் பிறகு படத்தில் எதையும் மாற்ற முடியாது என்று படக் கம்பெனி பதில் எழுதியிருந்தது.

எட்டு நாளாக நானும் என் முதலாளி அன்பரசன் சாரும் ஆதாரம் தேடி அலைந்திருந்தோம். கல்யாணம் கோயிலில் நடந்தது, பதிவு கிடையாது. டீச்சரின் பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தாய்மாமன் சின்னசாமியின் பெயர். ரேஷன் கார்டிலும் டீச்சரைத் தாய்மாமன் குடும்பத்தோடு சேர்த்துவிட்டிருந்தார்கள். அப்பா யாரென்று டீச்சருக்குச் சொன்ன அந்த மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்; அம்மாவிடம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாராம். இந்தக் கல்யாணத்தைவிட எங்கள் ஆபீஸ் மேசையின் நாலாவது காலுக்குப் பிடிமானம் ஜாஸ்தி என்றேன். சார் சிரிக்கவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடம் பொய்க் கிளெய்ம் கண்டுபிடித்தவர். என் நகைச்சுவையையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறார்.

இன்று காலை பத்து மணிக்கு டீச்சர் கடைசியாக ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். ஆறு மாதத்துக்கு முன் படக் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து கவிநிலா என்ற பெண் வெள்ளையம்மாளிடம் தொலைபேசியில் பேசியிருக்கிறாள். அந்தப் பேச்சின் எழுத்து வடிவம் இது. கல்யாணத்தை உங்கள் அம்மாவே உறுதிப்படுத்தவில்லை என்பதற்குச் சாட்சியாகக் கம்பெனி இதை அனுப்பியிருந்தது.

சார் இரண்டு தடவை படித்தார். பிறகு என் பக்கம் தள்ளினார்.

கேள்வி: உங்கள் கணவர் பெயர் என்ன?
பதில்: (சொல்லவில்லை)
கேள்வி: ஓவியர் அண்ணாமலையா?
பதில்: (சிரிக்கிறார்)
கேள்வி: அவரோடு எந்த ஊரில் வாழ்ந்தீர்கள்?
பதில்: அடியூர்.

கீழே கவிநிலாவின் குறிப்பு: 'அடியூர் என்றொரு ஊர் இந்த மாவட்டத்தில் இல்லை. இவருக்குக் கணவர் பெயரும் தெரியவில்லை, வாழ்ந்த ஊரும் தெரியவில்லை. நினைவுத் தடுமாற்றம். நம்பத் தகுந்தவர் அல்ல.'

நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்பரசன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு டீச்சரிடம் கேட்டார்.

"உங்கம்மா பஸ்ல ஏறுனா எந்த ஊருக்கு டிக்கெட் கேப்பாங்க?"

"அடியூர்னுதான் கேக்கும். எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லேர்ந்து அப்படித்தான்."

"அடி அண்ணாமலைன்னு ஒரு தடவையாவது சொல்லி இருக்காங்களா?"

டீச்சர் யோசித்தார். இல்லை என்றார். திருவண்ணாமலையை என்ன சொல்வார் என்று சார் கேட்டார். டவுன் என்று சொல்வாராம். கோயிலில் இருக்கும் சாமியை? பெரிய சாமி. மலையை? மலை.

எனக்குச் சட்டென்று என் பெரியம்மா ஞாபகம் வந்தது. பெரியப்பா பெயர் ஆறுமுகம். பெரியம்மாவுக்குப் புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பதால் ஆறு என்ற எண்ணே கிடையாது. அஞ்சும் ஒண்ணும் என்பாள். அவளிடம் பேருந்து நேரம் கேட்பதற்குக் கூட்டல் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் காலத்துச் சென்னைப் பெண் கவிநிலாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது. புருஷன் பெயரைத் தாங்கிய ஊரில் குடியிருந்துகொண்டு, ஐம்பது வருடமாக அந்த ஊரின் பெயரையே பாதியாக நறுக்கிச் சொல்லிக்கொண்டிருக்கிறார் ஒரு அம்மா. அதைப் போய் மறதி என்று எழுதி வைத்திருக்கிறாள்.

பள்ளிச் சான்றிதழின் ரகசியமும் அப்போது விளங்கியது. தலைமையாசிரியர் அப்பா பெயரைக் கேட்டிருப்பார். அம்மா வாய் திறந்திருக்க மாட்டார். கூடப் போன மாமா, விட்டுப்போனவன் பெயர் எதற்கு என்று தன் பெயரைக் கொடுத்திருப்பார். ஒரு பெயரைச் சொல்லாத மரியாதையில் ஒரு கல்யாணமே காகிதத்திலிருந்து அழிந்துபோயிருந்தது.

"நான் அது கோவம்னு நெனச்சேன் சார்," என்றார் டீச்சர். "எங்கள வுட்டுட்டுப் போனவர் பேரை எதுக்குச் சொல்லணும்னு இருக்குதுன்னு நெனச்சேன். நாப்பது வருசமா."

அவர் அழுதார். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். கிண்டலுக்கு அதில் இடம் இல்லை.

பதினொன்றரைக்கு மூவரும் அடி அண்ணாமலையில் இருந்தோம். ஷேர் ஆட்டோ ஓட்டும் முருகவேல், அந்தம்மா அடியூர் என்று சொல்வதால்தான் தனக்கே தன் ஊருக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது தெரியும் என்றார். பூ கட்டும் பாஞ்சாலை இன்னும் ஒரு படி மேலே போனார். கார்த்திகை தீபத்தன்று மலையில் ஜோதி தெரிந்ததும் ஊரே அண்ணாமலையாருக்கு அரோகரா என்று கத்தும்போது, வெள்ளையம்மாள் மட்டும் சாமிக்கு அரோகரா என்பாராம். இதையெல்லாம் நான் போனில் பதிவு செய்துகொண்டேன்.

இருந்தாலும் ஒரு ஓட்டை இருந்தது. இவர்களில் யாரும் அந்தக் கணவரை நேரில் பார்த்தவர்கள் இல்லை. இந்த ஊரில் அண்ணாமலை என்று கூப்பிட்டால் ஒரு தெருவே திரும்பிப் பார்க்கும். எந்த அண்ணாமலை என்று வக்கீல் கேட்டால் என்ன சொல்வது? அதைச் சாரிடம் கேட்டேன். அவர் வெள்ளையம்மாள் வீட்டின் பின்பக்கம் போனார். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். பின்னால் ஒரு துவைக்கிற கல், இரண்டு கல் தூண்கள், அவற்றுக்கு நடுவே ஒரு கொடிக் கயிறு. அதற்கு அப்பால் மலை.

கோயில் பக்கத்திலிருந்து பார்த்தால் மலை ஒற்றை முக்கோணமாக நிற்கும். சுற்றிக்கொண்டு பின்னால் வரவர அது பிரிந்து, மடிப்பு மடிப்பாகத் தெரியும். சார் தன் போனில் 'மழைக்குப் பின்' ஓவியத்தை எடுத்து மலைக்கு நேராகப் பிடித்தார். ஒவ்வொரு மடிப்பும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. செங்கம் ரோட்டு ஜன்னலில் நின்று ஏழு ஜென்மம் வரைந்தாலும் இந்த வடிவம் வராது.

"படத்துல வர்ற அந்த அறைக்காரர் ரகசியமா இங்க வந்து போயிருக்கார் போல," என்றேன். "ஓவியத்துல துவைக்கிற கல்லுகூட இருக்குது சார், பாருங்க."

சார் கல்லைப் பார்க்கவில்லை. ஓவியத்தின் இடது மூலையை விரலால் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். கொடியில் மஞ்சளாகச் சின்னதாக ஒன்று தொங்கியது. அது மலையின் மனக் குரல் என்று ஒரு விமர்சகர் நாலு பக்கம் எழுதியிருப்பதை நான் படித்திருக்கிறேன். பெரிதாக்கியபோது அது ஒரு பாவாடை. நாலைந்து வயதுக் குழந்தைக்கானது.

ஓவியத்தில் கையெழுத்துக்குக் கீழே தேதி இருந்தது. 1984 நவம்பர். அப்போது உங்களுக்கு என்ன வயது என்று சார் டீச்சரைக் கேட்டார். மூன்று மாதம் என்றார் டீச்சர். வீட்டில் வேறு குழந்தை இருந்ததா என்று கேட்டதற்கு, தான் ஒரே பெண் என்றும், கைக்குழந்தையாக இருந்தபோதே மாமா தன்னைப் போளூருக்குக் கூட்டிப்போய்விட்டார், அம்மா மட்டும் இங்கேயே இருந்துவிட்டார் என்றும் சொன்னார். சார் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். வழி முழுக்கக் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டே வந்தார். ஒரு வழக்கு ஜெயிக்கப் போகிற நேரத்தில் மனுஷன் ஏன் இப்படி இருக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

இரண்டு மணிக்கு செங்கம் ரோட்டில் படப்பிடிப்பு இடத்துக்குப் போனோம். கோபி சண்டைக்கு வருவார் என்று நாலு பதில் தயார் செய்து வைத்திருந்தேன், நாலும் வீணாகிவிட்டது. அவர் பதிவுகளைக் கேட்டார், மலைப் படங்களைப் பார்த்தார், நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். கணவன் பெயருக்காக ஊர்ப் பெயரையே சொல்லாத மனைவி, இதைவிட ஒரு கதை யாருக்குக் கிடைக்கும் என்றார். இப்போதே போகலாம், அந்தம்மா ஒரு வார்த்தை ஒப்புக்கொள்வதைப் படம் பிடித்துக்கொண்டால் வக்கீல் வேலையும் முடிந்துவிடும் என்று கேமராக்காரரையும் ஒலிப்பதிவுக்காரரையும் வண்டியில் ஏற்றினார். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை சூடாக இருந்தது. எட்டு நாளில் இன்றுதான் அவர் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்தேன்.

நாங்கள் போனபோது வெள்ளையம்மாள் ரேஷன் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயது, ஒல்லியான உடம்பு. இத்தனை பேரைப் பார்த்து அவர் பதறவில்லை. பாயை விரித்து உட்காரச் சொன்னார். டீச்சர் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் படத்தில் வரப் போகிறீர்கள் என்று கோபி சொன்னார். என்னவாக வருவேன் என்று அவர் கேட்டார்.

கோபி உற்சாகமாக விளக்கினார். படத்தின் உச்சக் காட்சி 'மழைக்குப் பின்' ஓவியம் பிறக்கும் மத்தியானம். மழை விடுகிறது, மேகம் விலகுகிறது, மலை மேல் வெயில் விழுகிறது. ஓவியர் மூன்று மணி நேரம் கையை எடுக்காமல் வரைகிறார். மனைவி டீ கொண்டுவருகிறாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கோபப்படவில்லை, டம்ளரை ஓசை இல்லாமல் வைத்துவிட்டு, அவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஒரு சிரிப்பில் ஒரு முழுத் தியாகம் என்றார் கோபி.

"மூணு மணி நேரம்," என்றார் வெள்ளையம்மாள். "ஆமா. ரெண்டு மணிக்கு ஒக்காந்தாரு. அஞ்சுக்கு எந்திரிச்சாரு."

அதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் எழுதத்தான் வேண்டும். பெரிய பெண் கஸ்தூரிக்கு அப்போது ஐந்து வயது. இரண்டு நாளாகக் காய்ச்சல். அன்று மத்தியானம் குழந்தைக்கு வலிப்பு வந்தது. வீட்டில் இருந்த ஒரே வண்டி அவருடைய சைக்கிள், ஓட்டத் தெரிந்தவரும் அவர் ஒருவர்தான். வெளிச்சம் போய்விடும், இதோ வந்துவிட்டேன் என்றாராம். அதையே மூன்று தடவை சொன்னாராம். கடைசியில் வெள்ளையம்மாள் மூன்று மாதக் குழந்தையை முந்தானையில் கட்டி, கஸ்தூரியைத் தோளில் போட்டுக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு நடந்தார். மழையில் அன்றைக்கு பஸ் இல்லை. பாதி வழியில் தோளில் இருந்த கனம் மாறிவிட்டது என்றார்.

"காலைலதான் அவ பாவாடைய தொவச்சிக் காயப் போட்டேன். அதைப் பாத்து வரைஞ்சிருக்காரு. அவளைத் திரும்பிப் பாக்கல."

அன்பரசன் சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மத்தியானமே தெரிந்திருக்கிறது. தனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பதை நாற்பத்தொரு வயதில், கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து, டீச்சர் தெரிந்துகொண்டார்.

வெள்ளையம்மாள் கோபியிடம் திரும்பினார். "தம்பி, என்னை வுட்டுடுங்க. எங்க கஸ்தூரிய வைங்க. அவரு வரையட்டும். பின்னாடி பாயில ஒரு கொழந்த படுத்திருக்கட்டும். ஒரு நிமிசம் போதும்."

கோபி கெட்டவர் இல்லை. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அதனால்தான் அவர் சொன்னது இன்னும் மோசமாக இருந்தது.

"முடியாதும்மா. அந்த மூணு மணி நேரத்துக்காகத்தான் நான் படமே எடுத்தேன். அங்க ஒரு குழந்தையப் படுக்க வெச்சா ஜனங்க அவரை வெறுத்துடுவாங்க. அப்புறம் படம் இல்ல."

அப்படியானால் தன்னையும் சேர்க்க வேண்டாம் என்றார் வெள்ளையம்மாள். கோபி சாரைப் பார்த்தார். மனைவி என்று நீங்களே நிரூபித்துவிட்டீர்கள், இனிமேல் மனைவியே இல்லை என்று நான் படம் எடுத்தால் நாளைக்கு யாராவது வழக்குப் போடுவார்கள் என்றார். மனைவி என்றால் அவர் அந்த மத்தியானம் அங்கே இருந்தாக வேண்டும். இருந்தால் சிரித்தாக வேண்டும். நாங்கள் ஓடி ஓடிச் சேர்த்த ஆதாரம் எல்லாம் அந்தச் சிரிப்பைத்தான் வெள்ளையம்மாள் முகத்தில் ஒட்டியிருந்தது.

டீச்சர் அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"சிரிச்சா என்னம்மா? நீயா சிரிக்கப் போற? எவளோ ஒரு நடிகை. எனக்கு இத்தன வருசமா அப்பா பேரே இல்லம்மா."

வெள்ளையம்மாள் மகளின் தலையை ஒரு தடவை தடவினார். இந்த வழக்கு எடுத்ததிலிருந்து நான் பார்த்ததிலேயே அன்பான காரியம் அதுதான். பிறகு கையை எடுத்துக்கொண்டு கேமரா ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது என்றார் கேமராக்காரர். சாருக்குத்தான் முதலில் புரிந்தது. வேணாம்மா என்று பாதி எழுந்தார்.

"அண்ணாமலைன்னு ஒருத்தரை எனக்குத் தெரியாது," என்றார் வெள்ளையம்மாள். "எனக்குக் கண்ணாலமே ஆகல."

முதல் சொல்லில் அவர் குரல் இடறியது. பொங்கல் பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குகிறவர் மாதிரி முகம் சுருங்கியது. டீச்சர் முழங்காலிலிருந்து கையை எடுத்துவிட்டு, சுவர் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார். அவர் அழவில்லை. அழுதிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. மணி நாலே முக்கால். நிலையை மாற்ற எங்களிடம் இன்னும் கால் மணி நேரம் இருந்தது, செய்வதற்குத்தான் ஒன்றும் இல்லை. கம்பெனிக்கு வேண்டிய சாட்சி கிடைத்துவிட்டது. படம் பழையபடி மனைவி மக்கள் இல்லாமல் வெளிவரும்.

ஒலிப்பதிவுக்காரர் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினார். சரியாக அந்தப் பெயரின் மேல் ரோட்டில் ஒரு லாரி ஹாரன் விழுந்துவிட்டது, வக்கீலுக்குத் தெளிவாக வேண்டும், இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்கள் என்று கோபியின் காதில் சொன்னார். கோபி அதை அம்மாவிடம் சொல்லக் கூச்சப்பட்டார், ஆனால் சொன்னார்.

வெள்ளையம்மாள் இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை இடறவில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று அவர்கள் மூன்றாவதும் ஒன்று எடுத்தார்கள். அப்போது அவர் முறத்தை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்கியபடியே, பக்கத்துத் தெருவில் யாரையோ பற்றிச் சொல்வது மாதிரி அந்தப் பெயரைச் சொன்னார்.